பெயர் போடாத ஜெபக் குறிப்பு

புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் இதை அலுவலகத்தில் வைத்துத்தான் வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோலியர்ஸ் வுட் மண்டபத்தின் மேல்மாடி அறையில் ஜன்னலோர மேசை பதினாறு வருடம் என்னுடையது. ஹீட்டர் முதுகைச் சுடும், ஜன்னல் முகத்தைக் குளிரப் பண்ணும். இப்போது அது உங்களில் யாருக்குக் கிடைத்ததோ, அவருக்கு என் அனுதாபம். வேலையை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கோப்பு இருக்கிறது. கோப்பில் இல்லாதது ஏதாவது இருந்தால் எழுதித் தாருங்கள் என்று இயக்குநர் கேட்டார். இருக்கிறது, ஒன்று.

நாங்கள் சின்ன மிஷன். சாம்பியாவின் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களில் மூன்று கிளினிக்குகள், அவ்வளவுதான். நோய் பார்ப்பதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் மழைக்காலத்தில் சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளுவதும் அங்கே இருப்பவர்கள். லண்டனில் இருக்கும் நாங்கள் வாசிக்கிறோம், எழுதுகிறோம், தேநீர் குடிக்கிறோம். ஊசியைக் கையில் எடுக்காத எங்களால் ஒருவருக்கும் தீங்கு வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் பயம் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

பதற்றம் எனக்குப் பிறவிக் குணம். கதவைப் பூட்டினேனா என்று பார்க்க ஸ்டேஷன் வாசலில் இருந்து திரும்பி வருகிற ஆள் நான். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பயம் வந்ததில்லை, வேறு எங்கெல்லாமோ வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு சபையார் ஐம்பது குளிர்காலக் கோட்டுகளைச் சேர்த்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஆபிரிக்காவுக்குக் கோட்டா என்று நான் சிரித்து, வேண்டாம் என்று மரியாதையாக ஒரு கடிதமும் எழுதி முடித்துவிட்டேன். ஜூன், ஜூலை விடியற்காலையில் அங்கே பல் கிட்டிப்போகும் என்று அங்கிருந்து செய்தி வந்த பிறகுதான் வாயை மூடினேன். கோட்டுகள் போய்ச் சேர்ந்தன. பிரசவ நாளுக்குக் காத்திருக்கும் பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு கிளினிக் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. தூரத்தில் இருந்து தீர்மானிக்கிறவர்களின் பிழைகள் பெரும்பாலும் இப்படிச் சிரிப்போடு போய்விடும்.

கோட்டு வேண்டும் என்று செய்தி அனுப்பியவர் அந்த மூன்று கிளினிக்குகளில் ஒன்றின் பொறுப்புத் தாதி. இந்தக் கதையில் அவர் முக்கியமான ஆள். பெயர் சொல்லமாட்டேன். அந்த ஊரில் பிறந்தவர், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். அலுவலகத்தில் எல்லோரும் என்னை அழைப்பதைக் கேட்டு அவரும் என்னை 'அக்கா' என்றே எழுதுவார். நான் பத்து வரி கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். எரிச்சலாக இருக்கும். எழுதத் தெரியாத பிள்ளை என்று நினைத்திருக்கிறேன், என் அறிவு அப்படி.

எனக்கு எழுதத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. மாதம் ஒருமுறை எங்கள் ஆதரவாளர்களுக்குப் போகும் ஜெபக் கடிதத்தை நான்தான் எழுதினேன். எந்தக் காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஏழெட்டுக் குறிப்புகள் அதில் இருக்கும். எனக்கு முன் அதை எழுதியவர் 'மழைக்காக, மருந்துக்காக, வாகனத்துக்காக' என்று பட்டியல் போட்டார். நான் மனிதர்களை எழுதினேன். கால் முறிந்த காவலாளி, ஆறாவது பிள்ளையும் பெண்ணாகப் பிறந்த தகப்பன், இப்படி. உங்கள் கடிதத்தை வாசித்தால் கண்ணீர் வருகிறது என்று விம்பிள்டனில் இருந்தும் வெம்பிளியில் இருந்தும் ஆட்கள் தொலைபேசியில் சொல்வார்கள். அந்தக் கண்ணீர் எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் மிச்சக் கதையைச் சொல்ல முடியாது.

ஒரு மாதம் தாதியின் செய்தியில் வழக்கமான விபரங்களுக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. கிளினிக்கில் சமைக்கும் பெண் எச்.ஐ.வி மாத்திரை எடுக்கத் தொடங்கியிருக்கிறாள், கணவனுக்கு இன்னும் தெரியாது, ஜெபித்துக்கொள்ளுங்கள் அக்கா. அவர் கேட்டது என்னிடம். நான் அதைக் கடிதத்தில் மூன்றாவது குறிப்பாகப் போட்டேன். சமைக்கும் அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள், அவள் எடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யவும் கணவனிடம் உண்மையைச் சொல்ல அவளுக்குப் பெலன் கிடைக்கவும் ஜெபியுங்கள் என்று. அழகாகத்தான் எழுதியிருந்தேன். கிளினிக்கின் பெயரைப் போட்டேன், அவள் பெயரைப் போடவில்லை. பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்று நம்பினேன். அந்தக் கிளினிக்கில் சமைக்கிறவள் ஒருத்திதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

கடிதம் போய் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, தாதியிடம் இருந்து செய்தி வந்தது. 'சமையல்காரி வேலைக்கு வரவில்லை. நாலு நாள். கடிதத்தில் என்ன எழுதினீர்கள்?'

கடிதம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பிறகு தெரியவந்தது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சாம்பியப் பெண் ஒருத்தி தன் சபையில் எங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கிறாள். தன் ஊருக்குப் பக்கத்துக் கிளினிக் லண்டன் கடிதத்தில் வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில், அதை வாசித்துக் குரல் செய்தியாக ஊரில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். அக்கா அதைச் சந்தையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினாள். புதன்கிழமை அந்த ஊர்ப் போதகர், நம்முடைய சமையல்காரச் சகோதரிக்காக லண்டன் முழுக்க ஜெபிக்கிறது என்று ஆராதனையில் எல்லோருக்கும் முன்னால் நன்றி சொல்லிவிட்டார். அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாளாம். எழுந்து வெளியே போனவள் வீட்டுக்கும் போகவில்லை. ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கும் தமக்கையின் கிராமத்துக்குப் போய்விட்டாள். கணவன் மரம் வெட்டும் வேலைக்குத் தூரத்தில் இருந்தான், மாதக் கடைசியில்தான் வருவான்.

நான் பயந்தது வேறொன்றுக்காக. வீட்டில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவள் தன் மாத்திரைகளைக் கிளினிக்கில் தாதியின் அலுமாரிக்குள் வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டுவதற்கு முன் அங்கே வந்து விழுங்குவாள். இப்போது மாத்திரை அலுமாரிக்குள், அவள் தமக்கை வீட்டில். நான் நெருக்கிக் கேட்டபோது தாதி எழுதினார்: அவள் தொடங்கியபோதே நிலைமை நன்றாக இல்லை, நிறுத்தினால் எவ்வளவு நாள் தாங்குவாள் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு நான் செய்யப் பார்த்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் செய்யப் பார்ப்பீர்கள். முதலில், கடிதம் பெற்ற எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், மூன்றாவது குறிப்பைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று. அனுப்பு என்ற இடத்தில் விரலும் போய்விட்டது. ஏதோ தோன்றி, அனுப்புவதற்கு முன் தாதியிடம் கேட்டேன். வேண்டாம் அக்கா, வாசிக்காதவர்களும் இப்போது தேடி வாசிப்பார்கள் என்று பதில் வந்தது. இரண்டாவதாக, எங்கள் வெள்ளை வாகனத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அந்தக் கிராமத்துக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். டீசல் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், ஏன் யோசிக்கிறீர்கள் என்று கோபித்தும் எழுதினேன். அதற்கு வந்த பதிலை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

'அந்த வாகனம் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஊர் காரணம் கேட்கும். அது நீங்கள் எழுதும் இரண்டாவது கடிதம்.'

பிழை செய்தவருக்கு உடனே எதையாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கும். அந்தத் துடிப்பு பாதிக்கப்பட்டவருக்காக அல்ல, நம்முடைய நெஞ்சு ஆறுவதற்காக. இது எனக்கு அந்தப் பதிலை வாசித்தபோது விளங்கவில்லை. அவர் சோம்பேறி என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மன்னிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அவருடைய யோசனை வந்தது. தமக்கையின் கிராமத்துக்குப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட ஐந்து வாரம் கழித்துப் போவதாக எங்கள் திட்டத்தில் இருந்தது. அதை இந்த வியாழக்கிழமைக்கு மாற்ற வேண்டும். வாகனம் மரத்தடியில் நிற்கும், எந்த வீட்டு வாசலிலும் நிற்காது. பிள்ளை இருக்கிற, இல்லாத எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரித் துணிப்பை ஒவ்வொன்று கொடுக்கப்படும். உள்ளே சவர்க்காரமும் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பும் இருக்கும். ஒரே ஒரு பையில் மட்டும் மாத்திரையும் இருக்கும். போத்தலில் வைத்தால் குலுங்கிச் சத்தம் போடும் என்று மாத்திரைகளைப் பஞ்சில் சுற்றி வைக்கப்போவதாக எழுதியிருந்தார். நான் லண்டனில் மின்னஞ்சலோடு மல்லுக்கட்டிய நேரத்தில் இந்த மனுசி பஞ்சுவரை யோசித்திருக்கிறார்.

தேதியை மாற்ற இயக்குநரின் கையெழுத்து வேண்டும். அப்போதிருந்த இயக்குநர் திருநெல்வேலிக்காரர், வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர், எதற்கும் காரணம் எழுதி வைக்கச் சொல்கிறவர். காரணத்தைச் சொன்னால் அதை அறிந்தவர்களில் இன்னும் ஒருவர் கூடுவார். அவர் நிர்வாகக் குழுவுக்குச் சொல்ல வேண்டும், குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் மனைவி, கணவன், ஜெபக் கூட்டம் எல்லாம் இருக்கிறது. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

"அக்கா, காரணம் தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு போர்டுல கேட்டா என்ன சொல்றது?"

"நான் ஒரு பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. என்ன பிழை எண்டு கேட்டால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கோ. அவையிட்டையும் நான் சொல்ல மாட்டன்."

"வேலை போயிடும் அக்கா."

"போகட்டும்."

தைரியத்தில் சொன்னதாக நினைக்காதீர்கள். வீட்டுக் கடன் இருந்தது, மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். ஜெபக் கடிதத்தை அவரும் வாசித்தவர்தானே, விளங்கியிருக்கும். விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் இருந்ததற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வியாழக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கிராமத்தில் சிக்னல் கிடையாது, தாதி கிளினிக்குக்குத் திரும்பிய பிறகுதான் செய்தி வரும். மதியம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு விம்பிள்டன் வரை நடந்தேன். ஒரு கடைக்குள் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் கத்தரிக்காய் வாங்கினேன். திரும்பவும் நடந்தேன். அவள் வரிசைக்கே வராவிட்டால்? வந்தும் பை மாறிப்போனால்? வேறு யாராவது பஞ்சைப் பிரித்துப் பார்த்தால்? ஜெபிப்பதற்காக ஊரையே கூட்டிய எனக்கு, அன்றைக்கு ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை. ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அதிர்ந்தது.

'வரிசையில் நின்றாள். வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.'

வாங்கினாள் என்றால் விழுங்கினாள் என்று அர்த்தமா? ஆற்றில் எறிந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாலு வாரத்தில் அடுத்த ஜெபக் கடிதத்தை எழுதினேன், மழைக்காக, மருந்துக்காக, வாகனத்துக்காக. என்ன, உங்கள் கடிதம் இந்தமுறை சப்பென்று இருக்கிறதே என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆக்கப் பொறுத்த நான் ஆறவும் பொறுக்க வேண்டும் என்று என்னையே அதட்டிக்கொண்டு இருந்தேன். தினமும் காலையில் தாதிக்கு ஒரு கேள்வி தட்டச்சு செய்வேன், அழிப்பேன்.

அடுத்த மாதம் மறுபடியும் மரத்தடி, மறுபடியும் வரிசை. இந்தமுறை அவள் வெறும் பையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் புதுப் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்தது எல்லாம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாளாம். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நான் அலுவலகக் கழிவறைக்குள் போய் அழுதேன். கண்ணீர் வரவழைக்கும் எழுத்துக்காரி, ஒரு வரிக்கு அழுதேன்.

அவள் கிளினிக் அடுப்படிக்குத் திரும்பவில்லை. அந்த வேலை அவளுக்குப் போனது என்னால்தான். கணவனிடம் சொன்னாளா, அவன் என்ன செய்தான் என்று ஒருமுறை கேட்டேன். தாதி பதில் எழுதவில்லை. இரண்டாம் முறை கேட்கக்கூடாது என்பதை அதற்குள் நான் படித்திருந்தேன். ஒரு வருடம் கழித்து, தேறிவிட்டாள், சோளம் அறுக்கிறாள் என்று ஒரு வரி வந்தது. பதினாறு வருடத்தில் எனக்கு வந்த மிக நல்ல செய்தி அது. அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

ஆனால் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் மேலாக வெம்பிளி அன்ரி. எண்பது கடந்தவர், தனியாக இருந்தவர், எங்கள் கடிதத்தில் வரும் ஒவ்வொரு குறிப்புக்காகவும் உண்மையிலேயே முழங்காலில் நின்று ஜெபித்தவர். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அழைப்பார். காவலாளியின் கால் எப்படி, அந்தத் தகப்பனுக்கு ஏழாவது என்ன பிள்ளை என்று கேட்டு, கடைசியில் சமையல்காரப் பிள்ளையைக் கேட்பார். எனக்கு விபரம் தெரியாது அன்ரி என்று பொய் சொல்லி வைப்பேன். மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு வரவில்லை. விசாரித்தால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இனி வீட்டுக்குப் போகமாட்டார் என்றார்கள்.

லண்டன் பிரிட்ஜில் ஜூபிலி லைன் ரயிலுக்கு மாறி அவரைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். அடுத்த கிழமை வாறன் அன்ரி என்று சொல்லிவிட்டு வந்து, தாதிக்கு எழுதினேன். சாகப்போகிற ஒரு மனுசிக்கு மட்டும், அவள் நன்றாக இருக்கிறாள் என்று நான் சொல்லலாமா, அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. 'கேட்டேன். வேண்டாம் என்கிறாள்.'

சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அன்ரியா எழுந்து போய்ச் சந்தையில் சொல்லப்போகிறார்? ரயிலில் முழுத் தூரமும் இந்த வழக்கை எனக்குள் பேசிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, அந்தப் பிள்ளை உயிரோடை இருக்குதோ?"

"அன்ரி, அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். என் கையை அவர் விடவில்லை.

"ஓம். அப்ப நான் விடாமல் ஜெபிக்கிறன்."

அந்த மாதமே அன்ரி போய்விட்டார், தெரியாமலே. நான் செய்தது சரி என்று தலையில் தெரிகிறது. நெஞ்சுக்கு இன்னும் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு உங்கள் நெஞ்சு என்ன சொன்னாலும், அந்தச் செய்தி யாருடையதோ அவரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வாயை மூடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம், அப்படியென்றால் இதை மட்டும் எப்படி எங்களுக்குச் சொல்கிறீர்கள் என்று. நடந்த இடம் நான் சொன்ன இடம் அல்ல. அவள் சமைக்கிறவளும் அல்ல. நோயும் அது அல்ல. எந்த விபரத்தை வைத்துத் தேடினாலும் அவள் உங்களுக்குக் கிடைக்கமாட்டாள். அப்படி இருந்தும், எழுதுவதற்கு முன் இந்தமுறை தாதி மூலமாக அவளிடம் கேட்டேன். அன்ரிக்குக் கிடைக்காத அனுமதி எனக்குக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. லண்டனில் இருப்பவர்கள் இனி ஒரு பெண்ணுக்கும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தால் எழுதட்டும் என்றாள்.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். காப்பாற்ற வேண்டியவர்கள் நீங்கள் நான்கு பேர்.